புகை எங்கே போகிறது?

2017 டிசம்பரில் கும்பகோணத்திலிருந்து அம்மா புனேவுக்கு வந்திருந்தார். மறுநாள் காலை, குளியலறைச் சுவரில் புதிதாக மாட்டியிருந்த காஸ் கீசரை அவருக்குக் காட்டினேன். குழாயைத் திறந்ததும் தானாகப் பற்றிக்கொள்ளும் நீலச் சுடரைப் பற்றிப் பெருமையாக விளக்கினேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "ஏண்டா, புகையெல்லாம் எங்க போகுது?"

"காஸுக்குப் புகையே கிடையாதும்மா" என்றேன்.

அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்குப் புனேயின் குளிர் கொஞ்சம் அதிகம்தான். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடுவதுண்டு. கோத்ருடில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் மின்சார கீசர் பழுதானபோது, நண்பர்கள் காஸ் கீசரைச் சிபாரிசு செய்தார்கள். விலை குறைவு, மின்சாரக் கட்டணம் மிச்சம், தண்ணீர் சுடுவதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கடையிலிருந்து வந்த பையன் அரை மணி நேரத்தில் சுவரில் துளை போட்டு மாட்டிவிட்டுப் போனான். அந்தக் குளியலறைக்கு இருந்த ஒரே காற்றுவழி, கூரையை ஒட்டிய சிறிய வென்டிலேட்டர். அதன் கண்ணாடிப் பட்டைகளின் இடுக்கில் குளிர்காற்று வருகிறது என்று மகள் முணுமுணுத்தாள். அட்டையை அளவாக வெட்டி டேப் போட்டு ஒட்டியவன் நான்தான்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு வயது மகள் தலைக்குக் குளிக்கப் போனாள். குளிக்கும்போது பாடுவது அவள் வழக்கம். சமையலறையில் இருந்த அம்மாதான் முதலில் கவனித்தார். "பாட்டு நின்னுபோச்சு. தண்ணி மட்டும் விழுந்துகிட்டே இருக்கே" என்றார். கதவைத் தட்டினோம். பதில் இல்லை. தாழ்ப்பாளை உடைத்துத் திறந்தபோது அவள் தரையில் சுருண்டு கிடந்தாள். சுவரில் சுடர் எரிந்துகொண்டிருந்தது. காஸ் வாடை துளியும் இல்லை.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் காஸ் கீசர் இருக்கிறதா?" மகளின் விரலில் மாட்டிய கருவி, ரத்தத்தில் பிராணவாயு சரியான அளவில் இருப்பதாகவே காட்டியது. அதை நம்பக்கூடாது என்றார் அவர். பிராணவாயு ஏறிய ரத்தத்துக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்துக்கும் அந்தச் சாதாரணக் கருவிக்கு வித்தியாசம் தெரியாதாம். உடனே முகமூடி வழியாகப் பிராணவாயு செலுத்தினார்கள். வெறும் காற்றைச் சுவாசித்தால் இந்த நஞ்சு ரத்தத்தில் பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும். சுத்தமான பிராணவாயு கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும்.

மாலையில் மகள் தெளிவாகப் பேசினாள். "கதவைத் திறக்கணும்னு தெரிஞ்சுதுப்பா. காலுதான் எழுந்திருக்கல" என்றாள். அதற்கு முந்தைய இரண்டு வாரங்களாகக் காலை வேளைகளில் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் அவளைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தோம்.

என்ன நடந்தது என்பதைப் பிறகு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் வெந்நீர் தரும் கீசர் முழு வேகத்தில் எரிந்தால், மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ காஸ் செலவாகும். ஒரு கிலோ காஸ் முழுதாக எரிய சுமார் 13 கன மீட்டர் காற்று தேவை. ஏழடி நீளம், ஐந்தடி அகலம், எட்டடி உயரமுள்ள எங்கள் குளியலறையில் இருந்ததோ எட்டு கன மீட்டர். அதாவது, இருபது நிமிடக் குளியலில் அறையின் காற்றில் பாதியை அடுப்பே கேட்கிறது. அவ்வளவு தீரும்வரைகூடப் போவதில்லை. பிராணவாயு சில சதவீதம் குறைந்ததுமே சுடர் திணற ஆரம்பிக்கிறது. கரியமில வாயுவாக மாறவேண்டியது பாதியில் நின்று கார்பன் மோனாக்சைடாகிறது.

இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. சிலிண்டர் கசிந்தால் நமக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே காஸில் ஒரு துர்நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். ஆனால் எரியும்போது அந்த நாற்றமும் சேர்ந்து எரிந்துவிடுகிறது. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்வதில் பிராணவாயுவைவிட இந்த வாயுவுக்கு 200 மடங்குக்கு மேல் நாட்டம். இந்திய நரம்பியல் மருத்துவர்கள் இதைப்பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். குளியலறையில் மயங்கி விழுந்தவர்களை வலிப்பு நோயாளிகள் என்று தவறாக எண்ணி, அதற்கு மருந்து கொடுத்த கதைகளும் அவற்றில் உண்டு.

புகை போகும் வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பது உலகத்துக்குப் புதிதல்ல. பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி ஸோலா 1902 செப்டம்பரில் பாரிஸில் தன் படுக்கையறையில் இறந்தது இதே வாயுவால்தான். கணப்பின் புகைபோக்கி அடைபட்டிருந்தது. குளிர்நாடுகள் இப்படிப் பல சாவுகளைப் பார்த்த பிறகே விதிகளை எழுதிக்கொண்டன. அமெரிக்காவில் வீட்டைச் சூடாக்கும் காஸ் உலை சிறிய அறைக்குள் இருந்து, அதற்கான காற்றை வீட்டுக்குள்ளிருந்தே எடுப்பதானால் இரண்டு திறப்புகள் வைக்கவேண்டும்: ஒன்று தரையிலிருந்து ஓரடிக்குள், மற்றது கூரையிலிருந்து ஓரடிக்குள். புகைக்குத் தனிக் குழாய் வெளியே போகும். புதிய வகை உலைகள் பலவற்றில் சுவரைத் துளைத்து இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள் போகின்றன. வெளிக்காற்று உள்ளே வர ஒன்று, எரிந்த காற்று வெளியே போக மற்றொன்று. அறையிலுள்ள மனிதர்களின் காற்றை அந்த உலை தொடுவதே இல்லை.

நம்மிடமும் இந்த அறிவு இருந்தது. கும்பகோணத்து வீட்டில் வெந்நீர் அடுப்பு கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் இருந்தது. தவலையில் காய்ந்த நீரை வாளியில் மொண்டு குளிக்கிற இடத்துக்குத் தூக்கிப் போவோம். புனேயின் பழைய வாடாக்களில் இதே வேலையைச் செய்தது செம்பாலான 'பம்ப்'. தண்ணீர் இறைக்கும் பம்பு அல்ல, நம்மூர் டீக்கடை பாய்லருக்குச் சகோதரன். நடுவில் நெருப்புக்கு ஒரு குழாய், அதைச் சுற்றித் தண்ணீர், மேலே புகை போக வழி. கஸ்பா பேட்டில் கன்னார்கள் வாழும் தாம்பட் ஆளி இதற்குப் பேர்போனது. விறகுப் புகை கண்ணைக் கரித்தது. அதனால் யாரும் அடுப்பை மூடிய அறைக்குள் வைக்கவில்லை. புகையே காவல்காரனாக இருந்தது. காஸின் நீலச் சுடர் அந்தக் காவல்காரனை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. புகையாமல் தணலாக எரியும் கரியடுப்பும் அப்படித்தான். வட இந்தியாவில் குளிர்காலம் தோறும் அதை மூட்டிவிட்டு உறங்கப் போய், விடிந்தும் எழாதவர்களைப் பற்றிச் செய்தி வருகிறது.

என்னை அதிகம் உறுத்தியது வேறு ஒன்று. பத்திரிகை வேலைக்கு நடுவே, வீட்டுச் சாதனங்களின் உபயோகக் குறிப்பேடுகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் செய்வது என் தொழில். "போதிய காற்றோட்டம் உள்ள இடத்தில் பொருத்தவும்" என்ற வாக்கியத்தை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. இலக்கணப் பிழை இல்லாத வாக்கியம். ஆனால் போதிய என்றால் எவ்வளவு? எங்கிருந்து எங்கே ஓடவேண்டும்? அதை எழுதிய கையாலேயே வென்டிலேட்டரை அடைத்தபோது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பழந்தமிழில் ஜன்னலுக்குக் காலதர் என்று ஒரு சொல் உண்டு. சிலப்பதிகாரத்தில் வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. எம்.ஏ. வகுப்பில் பதம் பிரித்துப் படித்த சொல். காற்றுக்கு ஒரு வழி வேண்டும் என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

வீட்டுக்காரரிடம் பேசி, கீசரைச் சமையலறையை ஒட்டிய ட்ரை பால்கனிக்கு மாற்றினோம். வெந்நீர் மட்டும் குழாய் வழியே குளியலறைக்கு வருகிறது. எங்கள் கட்டடத்தில் இன்னும் சில வீடுகளில் கீசர் குளியலறைக்குள்தான் இருந்தது. படியேறிப் போய்ச் சொன்னேன். சிலர் மாற்றினார்கள். ஒருவர், "எட்டு வருஷமா இருக்கு, ஒன்றும் ஆகவில்லை" என்றார். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது என்றார் இன்னொருவர். காற்றை வெளியே தள்ளும் விசிறிக்கு, உள்ளே வரும் காற்றுக்கும் ஒரு வழி வேண்டுமே. மாற்ற முடியாதவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். கதவைத் திறந்து வைத்து வாளியில் வெந்நீர் பிடியுங்கள். கீசரை அணைத்து, உள்ளே இருக்கும் காற்று மாறிய பிறகு கதவைச் சாத்திக் குளியுங்கள்.

மூலத்தில் இல்லாததைச் சேர்க்கக்கூடாது என்பது மொழிபெயர்ப்பாளனின் முதல் விதி. அதன் பிறகு வந்த குறிப்பேடு ஒன்றில் அதை மீறினேன். "குளியலறைக்குள் பொருத்தாதீர்கள். காற்று உள்ளே வர ஒரு வழியும், எரிந்த காற்று வெளியே போக ஒரு வழியும் இருக்கவேண்டும்" என்று எழுதி, ஏன் சேர்த்தேன் என்று ஒரு கடிதமும் இணைத்தேன். இடம் போதாது என்று பதில் வந்தது. தொலைபேசியில் அரை மணி நேரம் பேசிய பிறகு முதல் வாக்கியம் மட்டும் அச்சாயிற்று.

மகளுக்கு இப்போது அந்த நாள் பாதிதான் நினைவிருக்கிறது. அம்மாவோ, யார் வீட்டுக்குப் போனாலும் குளியலறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்கிறார். இப்போது நான் குறுக்கிடுவதில்லை.