இரு கயிறும் ஒரு மரமும்

பாலக்காடு டவுன் நிலையத்தில் பொள்ளாச்சி வண்டியேறி, தெற்குப் பக்கத்துச் சன்னலைப் பிடித்துக்கொண்டவர் பாக்கியசாலி. புதுநகரம், கொல்லங்கோடு, முதலமடை, மீனாட்சிபுரம் என்று நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோகும். நெல்லியாம்பதி மலை நெடுந்தூரம் உடன் வரும். வயல் வரப்புகளில் கரும்பனைகள். அவற்றைத் தாண்டினால் தென்னந்தோப்புகள். 2015 ஆம் ஆண்டில் இது அகலப்பாதையானபின் வண்டி விரைந்து செல்வதால், மரத்தின் உச்சியில் ஒரு மனிதன் இருந்தால் அவனைக் காண நமக்கு ஒரு நொடிதான் வாய்க்கும். இருப்புப்பாதை இலாகாவில் குமாஸ்தாவாக உள்ள நமக்கு, அம்மனிதனை நின்று நிதானமாகக் காணவேண்டும் என்ற அவா நெடுநாளாக உண்டு. நம் சங்கத்துக் குடும்பங்களிலும் மரமேறிப் பிழைப்போர் உள்ள வீடுகள் இருக்கின்றனவல்லவா? ஆதலின் சென்ற வைகாசியில் மூன்று தினங்கள் ரஜா எடுத்து, அலுவலக நண்பர் ஒருவருடன் புறப்பட்டோம். பார்க்க எண்ணிய இடங்கள் இரண்டு: பாலக்காட்டு மாவட்டத்தின் கீழ்க்கோடியில் சித்தூர் வட்டம்; இடுக்கி மாவட்டத்தின் கீழ்க்கோடியில் உடும்பன்சோலை வட்டம். இவையிரண்டும் அடுத்தடுத்து உள்ளவையல்ல. எனினும் தமிழர் வேலை தேடிக் கேரளத்துள் நுழையும் வாயில்கள் இரண்டிலும் உண்டு.

சித்தூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் கேட்காத தெருவில்லை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. எல்லையைக் கடந்து கேரளத்துள் வந்தால் அது அனுமதி பெற்ற தொழில். இத்தோப்புகளில் இறங்கும் கள் தெற்கே பல மாவட்டங்களுக்கு வண்டியேறிச் செல்கிறது. குடியைப் பற்றி நமக்கு நல்லெண்ணம் கிடையாது. ஆனால் அக்கலயத்தைச் சுமந்து இறங்குபவனின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல நமக்கு மனம் வராது.

நாம் கண்ட பெரியவருக்கு அறுபது வயதிருக்கலாம். தேங்காய் மட்டைகளைப் படிபோல் மரத்தில் கட்டியிருந்தார். காலில் ஒரு தளை. இடுப்பில் பாளை அரிவாளும் கலயமும். உடலைக் காக்கும் கயிறு ஏதும் இல்லை. பத்து மரம், மரம் ஒன்று 12 மீட்டர், காலை மாலை இரு வேளை என்று கணக்கிட்டால் நாளொன்றுக்கு 240 மீட்டர் ஏற்றம், அவ்வளவே இறக்கம். தில்லியிலுள்ள குதுப்மினார் 73 மீட்டர்தான். பெரியவர் தினந்தோறும் மூன்று குதுப்மினார்களை வெளிப்புறமாக ஏறி இறங்குகிறார் என்று நண்பர் சொன்னார். குமாஸ்தாக்களுக்குக் கணக்குப் போடாமல் வியக்கத் தெரியாது போலும்!

இலங்கையின் தென்மேற்குக் கரையில் இதற்கு வேறொரு வழி கண்டிருக்கிறார்கள். கொழும்பிலிருந்து கடலோரமாகக் காலி செல்லும் வண்டியில், களுத்துறை, பேருவளைப் பக்கத்துத் தோப்புகளைக் கவனித்தால், தென்னையின் தலைக்கும் தென்னையின் தலைக்கும் இடையே தேங்காய் நார்க் கயிறுகள் இரண்டிரண்டாகக் கட்டியிருப்பதைக் காணலாம். கீழ்க்கயிறு காலுக்கு, மேற்கயிறு கைக்கு. ஒரு மரத்தில் ஏறினவன் கீழே இறங்காமலே மரத்துக்கு மரம் நடந்துபோய்ப் பாளை சீவுகிறான். சேர்ந்த கள்ளைக் கலயத்தோடு கயிற்றில் கட்டித் தரைக்கு இறக்கிவிடுகிறான். ஏறும் வேலை மிகவும் குறைந்துவிடுகிறது. ஆயினும் அவ்விரு கயிறுகளில் ஒன்றேனும் அவன் உடலோடு கட்டப்படுவதில்லை. கை நழுவினால் கயிறு மேலேயே இருக்கும். மனிதன் கீழே இருப்பான். உழைப்பைக் குறைத்த கயிறு உயிரைக் காக்கும் கயிறாகவில்லை.

இதைப் பெரியவரிடம் சொன்னோம். சற்றுநேரம் மரங்களை அண்ணாந்து பார்த்திருந்துவிட்டு, “இந்த மரம் ஒருத்தருது, அந்த மரம் வேறொருத்தருது. நடுவுல கயிறு கட்டினா வழக்குத்தானுங்க தம்பி. அதோட, ஆடிக் காத்துல இங்க ரெண்டு மரமும் ரெண்டு பக்கமா ஆடும்” என்றார். மறுமொழி கூற நம்மிடம் ஒன்றுமில்லை. பாலக்காட்டுக் கணவாயின் காற்றை அறிந்தவர் அவர்.

தென்னைக்கென ஏற்பட்ட ஒரு கருவியையும் அவ்வூரிலேயே கண்டோம். கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியில் உருவானதால் அதற்குச் செம்பேரிக் கருவி என்று பெயர். இரண்டு கம்பிக் கயிறுகள் மரத்தைச் சுற்றி வளைய, ஒவ்வொன்றிலும் ஒரு மிதி உண்டு. வலக்கால் நிற்கும்போது இடக்கயிறு மேலேறும். இடக்கால் நிற்கும்போது வலக்கயிறு. எந்நேரமும் ஒரு கயிறு மரத்தை இறுகப் பற்றியிருக்கும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011 இல் தொடங்கிய ‘தென்னை மரத் தோழர்கள்’ திட்டத்தில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள், பெண்கள் உட்பட, கருவி கொண்டு ஏறப் பழகினர். ஆனால் இக்கருவி கிளையற்ற மரத்துக்கே உதவும். கிளை குறுக்கிட்டால் வளையம் அங்கேயே நின்றுவிடும். இடுக்கி மலையிலோ எல்லாம் கிளைவிட்ட மரங்கள்.

பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல், மதுரை என்று சுற்றிப் போடிநாயக்கனூர் சேர்ந்தோம். 2010 இறுதியில் நின்றுபோன போடி வண்டி, பாதை அகலமாக்கப்பட்டு, 2023 ஜூன் 15 ஆம் நாள் மீண்டும் வந்தது. இரவு போடியில் தங்கி, விடியற்காலையில் தோட்டத் தொழிலாளரின் ஜீப் ஒன்றில் இடம்பிடித்தோம். எத்தனை பேர் ஏறினர் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். போடிமெட்டு வளைவுகளில் பனிமூட்டம், அப்பால் பூப்பாறை, எங்கும் ஏலக்காடு.

ஏலச்செடிக்கு முழு வெயிலும் ஆகாது, முழு நிழலும் ஆகாது. பாதி வெயில் வேண்டும். அதற்காக ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் பலா, சந்தன வேம்பு முதலான நிழல் மரங்களில் கிளை கழிப்பார்கள். 15 மீட்டர், 20 மீட்டர் உயரத்தில், வெறுங்காலோடு, கையில் அரிவாளோடு நின்று வெட்டவேண்டும். 15 மீட்டரிலிருந்து விழும் உடல் தரையை அடைய இரண்டு நொடிகூட ஆகாது; அடையும்போது வேகம் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல். ஓடும் வண்டி மோதுவதற்கு ஒப்பானது அது.

பூப்பாறைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் நாம் காணச்சென்றது தேனிப் பக்கத்து இளைஞர் ஒருவரை. வளைகுடா நாட்டில் உயர்ந்த கட்டிடங்களின் கண்ணாடி துடைத்தவர். அங்கே பழகிய இரட்டைக் கயிற்று வித்தையை மரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். சிறு பையில் கனம் வைத்து, சன்னமான நூலோடு வீசி, உயரத்திலுள்ள ஒரு கவையின்மேல் நூலைப் போட்டார். நூலைக் கொண்டு கயிற்றை மேலேற்றினார். பின் வேறொரு கவையில் இரண்டாம் கயிறு. இடுப்பையும் தொடைகளையும் சுற்றிய வார்க்கச்சையில் இரண்டு கயிறுகளையும் தனித்தனிப் பிடிகளால் மாட்டினார். மேல்நோக்கி நகரும், கீழ்நோக்கி இழுத்தால் கவ்விக்கொள்ளும். அத்தகைய பிடிகள் அவை.

கயிறு அசையாமல் தொங்க, மனிதன் மட்டும் ஏறுவது இம்முறை. கிளையின்மேல் கயிற்றை ஓடவிட்டு, ஒரு முனையை இடுப்பில் கட்டி மறுமுனையை இழுத்தேறும் முறையும் உண்டு. அதில் ஒரு மீட்டர் உயர இரண்டு மீட்டர் கயிறு இழுக்கவேண்டும். கயிறும் பட்டையில் உராய்ந்து தேயும். நிற்கும் கயிற்றில் அவ்விரயம் இல்லை. உச்சிக்குப் போனபின் இரு கயிறுகளுக்கும் நடுவில் சாய்ந்து நின்று, எட்டாத கிளையையும் எட்டலாம். அரிவாள் தவறி ஒன்றை அறுத்தாலும் மற்றொன்று தாங்கும். கயிறும் தேங்காய் நார் அன்று; உள்சரடும் மேலுறையும் கொண்ட நைலான். சுமார் 2,200 கிலோ எடை தாங்கவேண்டும் என்பது இவ்வகைக்கு ஐரோப்பியத் தரவிதி.

“இரண்டையும் ஒரே கவையில் போட்டால் என்ன?” என்று நண்பர் கேட்டார்.

“கிளை முறிஞ்சா ரெண்டும் சேர்ந்துதான் சார் வரும். அதுக்கு ஒரு கயிறே போதுமே!” என்று அவர் சிரித்தார்.

இங்கிலாந்தில் 2005 ஆம் ஆண்டின் உயரவேலைச் சட்டவிதிகளும் இதையே கூறுகின்றன: தனித்தனியே பிணைத்த இரண்டு கயிறுகள் வேண்டும், இரண்டாவது கயிறே அபாயத்தைக் கூட்டும் என்றால் மட்டும் விலக்கு. அங்கேயும் மரவேலைக்காரர் நெடுங்காலம் ஒற்றைக் கயிற்றிலேயே ஏறிவந்தனர். 2020 ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் இவ்விதியை அவர்கள் விஷயத்தில் இறுக்கிப் பிடித்தனர்.

முதல் மரத்தில் நூல் போடவே கால்மணி நேரமாயிற்று. பக்கத்து மரத்தில் கயிறின்றி ஏறியவர் அதற்குள் நான்கு கிளைகளை வீழ்த்திவிட்டு, கீழே நோக்கிக் கேலி பேசினார். மாலையில் எண்ணிப்பார்த்தபோது இருவரும் கழித்த மரங்களின் எண்ணிக்கை ஒன்றே. கயிற்றுக்காரர் களைக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

இளைஞரின் அன்னை அதே தோட்டத்தில் களை பறிப்பவர். கணவரை இத்தகைய மரமொன்றில் இழந்தவர் என்று பிறகு அறிந்தோம். மகன் மரத்தடியில் நிற்கும்போதெல்லாம் அவர் நிமிர்ந்து பார்த்தார். “என்னம்மா பார்க்கிறீர்கள்?” என்று கேட்டதற்கு, “கயித்தை எண்ணுறேன் ஐயா. ரெண்டு தெரிஞ்சாத்தான் குனிஞ்சு வேலை செய்யக் கை வரும்” என்றார்.

கயிறும் கச்சையும் இளைஞரின் சொந்தப் பணத்தில் வாங்கியவை. மற்ற இருவருக்கும் வாங்கித் தருமாறு தோட்டத்தில் கேட்டிருக்கிறார். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று பதில் வந்ததாம். வெளிநாட்டில் ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன் கயிற்றை விரலால் தடவிச் சோதிப்பார்களென்றும், அவ்வழக்கத்தை மட்டும் இவ்விருவருக்கும் இப்போதே கற்றுக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். அவர்கள் தற்சமயம் பழைய கயிறு ஒன்றை மாற்றி மாற்றிக் கட்டிக்கொள்கிறார்கள்.

நான்கு மணிக்கு ஜீப் வந்தது. இளைஞர் இரு கயிறுகளையும் சுருட்டி, துணிப்பையில் இட்டு, மடியில் வைத்துக்கொண்டார். தோட்டத்துக் கிடங்கில் வைக்கலாகாதா என்று கேட்டோம். அங்கே எலியும் உண்டு, உரமும் பூச்சிமருந்தும் உண்டு. நைலானுக்கு இவையெல்லாம் ஆகா என்றார். போடி வரும்வரை அப்பையின்மீது வைத்த கையை அவர் எடுக்கவில்லை.