அரசருடைய மரம்

மைசூருக்குச் செல்லும் நம்மவர் அரண்மனையைக் காண்பர். சாமுண்டி மலைக்குப் போவர். மாலையில் கிருஷ்ணராஜ சாகரத்து நீரூற்றுக்களைப் பார்த்துவிட்டு, தேவராஜா சந்தையில் மல்லிகையும் ஊதுவத்தியும் வாங்கிக்கொண்டு திரும்புவர். யானும் இருமுறை அவ்வாறே திரும்பியவன். விடுமுறைக்குத் தாயகம் சென்ற இம்முறை, மானந்தவாடிச் சாலையிலுள்ள அரசாங்கச் சந்தன எண்ணெய் ஆலைப் பக்கம் போனேன். வாயிலை அடையுமுன்னரே மணம் வந்து எதிர்கொண்டது.

அரச மரம் என்றால் பிள்ளையார் வீற்றிருக்கும் மரமே நமக்கு நினைவுக்கு வரும். மைசூர் நாட்டிலோ அரசருக்குரிய மரம் சந்தனம். 1792-ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் அவ்வாறு அறிவித்தார். காட்டில் நின்றாலும் குடியானவன் கொல்லையில் நின்றாலும் அது அரசாங்கத்தின் சொத்து. 1799-இல் சீரங்கப்பட்டணத்துப் போரில் திப்பு வீழ்ந்தார். உடையார் மரபினர் மீண்டும் அரியணை ஏறினர். 1831-இல் ஆங்கிலேயர் நிருவாகத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டு, 1881-இல் திருப்பித் தந்தனர். பின்னர் மன்னராட்சியே மறைந்து மக்களாட்சி வந்தது. முத்திரைகள் மாறின, சந்தன விதி மாறவில்லை. வருவாய் தரும் விதியை எந்த அரசாங்கந்தான் எளிதில் கைவிடும்?

அவ்விதி நன்மையும் செய்தது என்பதை மறைக்கலாகாது. முன்னெல்லாம் மைசூர்ச் சந்தனம் கட்டைகளாகவே கடல் கடந்தது. எண்ணெய் இறக்கி இலாபம் கண்டவர்கள் ஜெர்மானியர் முதலியோர். 1914-இல் போர் மூண்டது, அச்சந்தை அடைபட்டது, கட்டைகள் தேங்கின. அப்பொழுது திவானாக இருந்தவர் விசுவேசுவரையா. இங்கேயே எண்ணெய் வடிப்போம் என்று முனைந்தனர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து இரசாயன அறிஞர்கள் முறையை ஆராய்ந்து தந்தனர். 1916-இல் பெங்களூரிலும் 1917-இல் மைசூரிலும் ஆலைகள் எழுந்தன. அவற்றின் வழியே, நம் வீட்டுப் பெண்கள் பெட்டியில் வைத்துக் கடல் கடந்து கொண்டுவரும் மைசூர் சந்தனச் சோப்பும் பிறந்தது. மரமெல்லாம் ஒரே கையில் இருந்தமையால் அன்றோ இத்துணை விரைவில் ஆலை அமைக்க இயன்றது? ஆயிரம் பேரிடம் சிதறிக் கிடந்திருந்தால் அது அரிதாயிருக்கும் என்பது என் கருத்து.

ஆனால் ஆலைக்கு மரம் வேண்டும். மரத்தை வளர்ப்பவன் வேண்டும். சந்தனம் விந்தையான செடி. தன் வேரை அண்டைச் செடிகளின் வேரிற் செலுத்தி, அவற்றிடமிருந்து சத்தை வாங்கியே வளரும். வைரம் பாய்ந்து மணம் ஏறப் பல்லாண்டுகள் செல்லும். அத்தனை காலம் தனதல்லாத ஒன்றை எவன் காப்பான்?

இவ்வினாவுக்கு விடை நஞ்சன்கூட்டுக்கு அப்பால், சாமராஜநகர் சாலையில் கிடைத்தது. அங்கே ஒரு முதிய குடியானவரைச் சந்தித்தேன். தாளவாடிப் பக்கத்தில் பெண் எடுத்தவராதலின் தமிழ் நன்கு பேசினார். "பறவை எச்சத்தில் விழுந்து சந்தனம் தானாக முளைக்கும், ஐயா. முளை தெரிந்தால் எங்கள் அப்பா கிள்ளி எறிந்துவிடுவார். வளர்ந்தால் சர்க்காருக்கு, களவு போனால் கேள்வி எங்களுக்கு" என்றார்.

இப்படிக் கிள்ளியவை எத்தனையோ! எஞ்சிய காட்டு மரங்களைத் திருடர் சூறையாடினர். 2004-இல் கொல்லப்பட்ட வீரப்பனின் கதையைப் புலம்பெயர்ந்த நாம் அனைவரும் அறிவோம். 1998-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் சந்தனத்தை அழிவுக்கு ஆளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் சேர்த்தது. இதற்கிடையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கனனூராப் பகுதியில், அணைநீரைப் பாய்ச்சி, இதே இந்தியச் சந்தனத்தைத் தோட்டம் தோட்டமாக வளர்க்கலாயினர். அங்கே குடியேறிய நம் அன்பர்கள் அதனைக் கண்டிருக்கக்கூடும். திப்புவின் விதி அத்தனை தொலைவு எட்டவில்லை.

கருநாடக அரசாங்கம் 2001-இல் சட்டத்தைத் திருத்தி, நிலத்துக்குரியவனே மரத்துக்கும் உரியவன் என்றாக்கிற்று. ஆயினும் வெட்டவும் ஏற்றிச் செல்லவும் அனுமதி பெற்றாக வேண்டும். இருநூறு ஆண்டுப் பழக்கம் ஒரே கையெழுத்தில் மறைந்துவிடுமா? பக்கத்து நிலத்துக்காரர்கள் இன்னும் தயங்குகிறார்கள் என்றார் முதியவர். அவர் மட்டும் துவரைக்கு இடையே கன்றுகள் நட்டு, இப்போது ஆள் உயரத்துக்கு மேல் வளர்த்திருக்கிறார். ஓரத்தில் ஒரு குடிசை. வாசலில் இரண்டு நாய்கள்.

விடைபெறுமுன் ஒரு மரத்தின் பட்டையைச் சற்றே சுரண்டி முகர்ந்து பார்த்தேன். மணமே இல்லை. அவர் சிரித்துவிட்டார். "இப்போது மணக்காது, ஐயா. வைரம் பிடிக்க இன்னும் பத்து வருஷமாவது ஆகும். அதுவரை இந்த நாய்களும் நானுந்தான் காவல்" என்றார்.