கணையத்தின் காயம்

இரைப்பைக்குப் பின்னே, முதுகெலும்புக்கு முன்னே, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் கிடக்கும் உறுப்பு கணையம். இதயத்தைப் பாடாத கவிஞர் இல்லை. ஈரக்குலை பதறாத தாய் இல்லை. கணையத்தையோ, அது நோகும் வரை எவரும் நினைப்பதில்லை. நோகத் தொடங்கினால் மேல்வயிற்று வலி முதுகைத் துளைக்கும்.

புலாலையும் கரைக்கவல்ல டிரிப்சின் என்னும் நொதி, கணையத்தில் உறங்கும் நிலையிலேயே ஆக்கப்படுகிறது. சிறுகுடலை அடைந்த பின்னரே அது விழித்தெழ வேண்டும். பித்தக்கல் வழியை அடைத்தாலோ, மது உயிரணுக்களைக் கெடுத்தாலோ, பிறந்த இடத்திலேயே விழித்துக்கொள்கிறது. கணையம் தன்னைத்தானே செரித்துக்கொள்கிறது என்று ஹான்ஸ் கியாரி என்னும் அறிஞர் 1896-லேயே கூறினார். உடனே வெள்ளையணுக்கள் அங்கு விரைகின்றன. இதுவே அழற்சி. மிகுந்துவிட்டால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் எனினும், அதனை முழுப்பகை எனல் தகாது. மாண்ட உயிரணுக்களை அகற்றும் துப்புரவுப் பணியும் அதனுடையதே.

ஐவரில் ஏறத்தாழ நால்வருக்கு நோய் கடுமையாவதில்லை. ஒரு வாரமளவில் வீடு திரும்புவர். என் பழைய மாணவர் ஒருவரும் அவ்வாறே திரும்பினார். லாரி ஓட்டுநர், மதுவால் வந்த நோய். "வலிதான் போயிடுச்சே சார், தீபாவளிக்குக் கொஞ்சம் எடுத்தா என்ன?" என்றார்.

வலி போனது மெய். வேலை முடியவில்லை. பிழைத்த உயிரணுக்கள் தம் தொழிலைச் சிறிதுகாலம் துறந்து, எளிய உருக்கொண்டு, பின்னரே பழைய நிலைக்கு மீள்கின்றன. விண்மீன் வடிவ உயிரணுக்கள் சில, நார்ப்பொருளை இழைத்துச் சாரம் கட்டுகின்றன. இவற்றை 1998-இல் சிட்னியில் மினோத்தி ஆப்தே குழுவினர் கணையத்திலிருந்து தனியே பிரித்தெடுத்தனர். காயம் ஆறினால் சாரம் அவிழும். அடிமேல் அடி விழுந்தால் அவிழ்க்க ஓய்வேது? சாரமே தழும்பாக இறுகிவிடும். பின்னர்ச் செரிமானமும் கெடும், நீரிழிவும் வரக்கூடும்.

அவர் ஜொகூர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவரின் மகன். ஆதலின் உளியைக் கொண்டே விளக்கினேன். அளவோடு சீவிய பட்டை, ஆண்டுகள் சில சென்றால் மீண்டும் வளரும். உளி மரத்தின் சதை வரை இறங்கிவிட்டாலோ அவ்விடம் முண்டும் முடிச்சுமாகிப் போகும். அங்கே மறுபடி நேர்கோடு போட முடியாது. இன்று அத்தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. எனினும் அவருக்குப் புரிந்தது.

கள்ளும் சம்சுவும் நம் தோட்டக் குடும்பங்களை அரித்த வரலாறு நீண்டது. 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து எழுந்தனர். பிற்காலத்தில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் சம்சுவுக்கு எதிராக இயக்கம் நடத்தியது. ஆயினும் நோயாளியிடம் நாம் ஒருமுறை அறிவுரை கூறிவிட்டுக் கடமை தீர்ந்ததென இருந்துவிடுகிறோம். பின்லாந்தின் தம்பெரே நகர மருத்துவமனையில், மதுவால் கணைய அழற்சி கண்ட 120 பேரை இரு பிரிவாக்கினர். மருத்துவமனையில் ஒருமுறை மட்டும் அறிவுரை பெற்ற 61 பேரில் 13 பேருக்கு ஈராண்டுகளுக்குள் நோய் மீண்டது. ஆறு மாதத்திற்கொருமுறை அழைத்துப் பேசப்பட்ட 59 பேரில் ஐவருக்கே மீண்டது. 2009-இல் வெளிவந்த இம்முடிவு எந்த ஆசிரியருக்கும் வியப்பளிக்காது. வாய்பாட்டை ஒரே நாளில் ஒப்பித்து முடித்த வகுப்பு உண்டோ?

தீபாவளிக்கும் ஒரு சொட்டு ஆகாது என்றேன். சற்று நேரம் தலைகுனிந்திருந்தவர், சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டு, சிகரெட்டையும் விட வேண்டுமா என்று கேட்டார். தழும்பை விரைவுபடுத்துவதில் புகைக்கும் பங்குண்டு. அதையும் சொன்னேன்.