ஒட்டாமல் வைத்த படங்கள்

எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு. வீட்டோடு கிணறும் தென்னையும் போவது போல அலுமாரியும் போகும். அலுமாரியின் அடித்தட்டில், சேலைகளுக்குக் கீழே கிடக்கும் அல்பமும் போகும். ஆண்பிள்ளைகள் தங்கள் சின்ன வயதுப் படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ராத்தா வீட்டுக்குத்தான் போகவேண்டும். என் ராத்தாவின் வீடு மருதமுனையில் கடலோரமாக இருந்தது.

படம் கூடுமா கூடாதா என்ற விவாதம் எங்களூரில் ஓய்ந்ததே இல்லை. சுவரில் படம் தொங்கினால் மலக்குகள் வரமாட்டார்கள் என்பார் மூத்தம்மா. அவரே சில மத்தியானங்களில் அலுமாரியைத் திறந்து, மௌத்தான தம்பியின் படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதையும் கண்டிருக்கிறேன். மூடி வைக்க முடிந்த அல்பம் இரண்டுக்கும் இடம் கொடுத்தது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமைக் காலை கடல் ஊருக்குள் வந்தது. இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான், பத்தாயிரத்துக்கும் மேல். அதில் ராத்தாவும் ஒருவர். ஒன்றரை வயது மகளை மச்சான் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியதால் அவள் பிழைத்தாள். வீடு நின்ற மண் பிறகு 65 மீற்றர் எல்லைக்குள் அடங்கிற்று.

மூன்றாம் நாள் மணலுக்குள்ளிருந்து அலுமாரியைப் புரட்டி எடுத்தோம். மூன்று அல்பங்கள் இருந்தன. மூன்றும் ஒரே தண்ணீரில் ஊறியவை. ஆனால் மூன்றுக்கும் ஒரே கதி நேரவில்லை.

வாப்பாவின் காலத்து அல்பம் கறுப்பு அட்டை. படத்தின் நான்கு மூலைகளை மட்டும் சின்னக் காகித முக்கோணங்கள் பிடித்திருக்கும். பக்கங்களுக்கு நடுவே சிலந்தி வலைக் கோலம் போட்ட மெல்லிய தாள். அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள் மூலையிலிருந்து கழன்று வந்தன. பின்புறத்தில் வாப்பா மையால் எழுதிய பெயர்கள் கரைந்துபோயிருந்தன. பென்சிலால் எழுதியவை அப்படியே இருந்தன. இரண்டாவது, பசை பூசிய அட்டைமேல் பிளாஸ்டிக் தாள் மூடிய அல்பம். எண்பதுகளில் எல்லாரும் ஆசைப்பட்டு வாங்கிய சாமான். பிளாஸ்டிக்கை உரித்தபோது முகங்கள் அதனோடு வந்தன. மருமகளின் குழந்தைப் படங்கள் முழுக்க அதில்தான் இருந்தன.

மூன்றாவது, 2001இல் நடந்த ராத்தாவின் கலியாண அல்பம். தடித்த அட்டையில் சன்னல் வெட்டி, படத்தைப் பின்னாலிருந்து செருகியது. அட்டை உப்பிப் பருத்துக் கிடந்தது. ஆனாலும் சன்னலின் விளிம்பு படத்தைவிட உயர்ந்து நின்றதால், எதிரெதிர்ப் பக்கத்து முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. அந்த ஒரு மில்லிமீற்றர் இடைவெளிதான் பதினொரு படங்களைக் காப்பாற்றியது.

வெயிலில் காயப்போடப் போனவனைத் தடுத்தவர் ஒரு பழைய ஸ்டூடியோக்காரர். "தம்பி, காயவிட்டா ஒட்டிரும். நல்ல தண்ணியில போட்டு, தானாக் கழறும் மட்டும் பொறுங்க" என்றார். வர்ணப் படத்தில் ஜெலற்றின் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அடியில் கிடப்பது மஞ்சள். தண்ணீரும் கிருமியும் மேலிருந்து அரித்துக்கொண்டு போகும்போது படம் முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, கடைசியில் வெறும் வெள்ளைத் தாளாகிறது. 2011 மார்ச்சில் ஜப்பானைக் கடல் அடித்தபோது, ஃபுஜி கம்பனி படங்களைக் கழுவும் முறையை மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. யமமோத்தோ என்ற ஊரில் தொண்டர்கள் ஏறத்தாழ 7 இலட்சத்து 50 ஆயிரம் படங்களைக் கழுவி எடுத்தார்கள் என்று வாசித்தபோது, எங்கள் கரையில் ஜனாஸாக்களைத் தேடிய அவசரத்தில் மண்ணோடு தள்ளப்பட்ட அல்பங்கள்தான் மனதில் வந்தன.

இப்போது அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் பேசியிருக்கிறோம். வீட்டோடு அல்பமும் போகவேண்டுமல்லவா? அட்டாளைச்சேனையில் ஆசிரியப் பயிற்சிபெற்ற காலத்தில் சித்திரப் பாடத்துக்காகப் பழகிய கை, இரும்பு அடிமட்டத்தை மறக்கவில்லை. வர்ண பிறிஸ்டல் போட் வேண்டாம், ஈரம் பட்டால் சாயம் இறங்கும். செலோடேப்பும் வேண்டாம், சில வருடங்களில் பழுத்துவிடும். வெள்ளைத் தடித்த அட்டை. காகிதத்தை மடித்துச் செய்த மூலைகள். படத்தில் பசை ஒரு துளியும் படக்கூடாது. நாளை யாராவது கழற்றிப் பின்புறம் பார்க்க வேண்டியிருக்கும். மேலட்டைக்கு மருதமுனைக் கைத்தறித் துணி.

ஒரு படத்தில் ராத்தாவின் கன்னத்தின் பாதியைக் கடல் தின்றிருக்கிறது. கணினியில் போட்டு முகத்தை நிரப்பித் தருகிறேன் என்றான் கடைக்காரப் பையன். நல்ல பையன், காசும் வேண்டாமென்றான். ஆனால் அவன் நிரப்பும் கன்னம் யாருடையது? உம்மாவை ஞாபகத்தில் அறியாத பிள்ளை அதையே உம்மா என்று நம்பிவிடுவாள். வேண்டாமென்றேன்.

சன்னலைப் படத்தைவிடச் சற்றுச் சிறிதாக வெட்டுவதுதான் முறை. பழுதான ஓரங்கள் அட்டைக்குள் மறைந்துவிடும். அப்படி அளவு குறித்துக்கொண்டிருந்தபோது மருமகள் வந்து பார்த்தாள்.

"பெரிசா வெட்டுங்க மாமா. மஞ்சளான இடமும் தெரியட்டும். அதுவும் உம்மாட படந்தானே?"

அதனால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் வேறு அளவு. படத்தைச் சுற்றி நான்கு பக்கமும் இரண்டு மில்லிமீற்றர் விட்டிருக்கிறேன். மூலைகள் வெளியே தெரிகின்றன. இன்னும் ஏழு படங்கள் பாக்கி. அட்டை தீர்ந்துவிட்டது, சனிக்கிழமை கல்முனைக்குப் போகவேண்டும்.