பனித் தீவின் சாட்சிகள்

கனடா தேசத்தின் பூகோளப் படத்தை விரித்து அதன் வட விளிம்பில் கண்ணை ஓட்டினால், உடைந்த மண்பாண்டத்தின் சில்லுகளைப் போலத் தீவுகள் சிதறிக் கிடப்பதைக் காணலாம். அந்தச் சில்லுகளில் ஒன்றுக்குக் கிங் வில்லியம் தீவு என்று பெயர். இங்கிலாந்து தேசத்து அரசர் ஒருவரின் பெயரை ஆங்கிலேய மாலுமிகள் அதற்குச் சூட்டினார்கள். அரசர் அத்தீவைக் கண்டதில்லை; தீவும் அரசரைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழும் இனூயிட் மக்கள் அதைக் 'கிகிக்தாக்' என்கிறார்கள். அச்சொல்லுக்குத் 'தீவு' என்பதே பொருள்.

அங்கே மலை இல்லை. மரம் என்பது பெயருக்குக்கூட இல்லை. சுண்ணாம்புக் கல் சிதறிய தட்டை நிலமும், ஆழமில்லாத குட்டைகளுமே கண்ணுக்கெட்டிய தூரம் வரை. கோடையில் சில வாரங்கள் தவிர வருஷம் முழுவதும் கடல் உறைந்து கிடக்கிறது. நடுக் குளிர்காலத்தில் வாரக்கணக்காகச் சூரியன் தலை காட்டுவதில்லை. தரை எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்பதைப் புதிதாய் வருகிறவன் கண்டுகொள்ள மாட்டான்.

இந்தப் பூமியில் மனிதர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? அங்குள்ளவர்களுக்கு நெட்ஸிலிக் என்று பெயர். கடல்நாய்களை அடுத்து வாழ்கிறவர்கள் என்று பொருள். உறைந்த கடலுக்கடியில் திரியும் கடல்நாய், மூச்சு விடுவதற்காகப் பனியில் சிறு துவாரங்களைத் திறந்து வைத்திருக்கும். அந்தத் துவாரத்தருகே கையில் ஈட்டியுடன், அசையாமல், மணிக்கணக்காக நிற்பான் வேடன். காரிபூ என்னும் மானின் தோலில் இரண்டு அடுக்கு உடை: உள்ளுடையின் ரோமம் உடம்பைத் தொடும், வெளியுடையின் ரோமம் காற்றைத் தொடும். மரம் கிடைக்காத இடத்தில் வண்டிக்கு என்ன செய்வது? மீன்களை ஈரத் தோலில் வரிசையாகச் சுருட்டி உறைய வைத்தால், அதுவே சறுக்கு வண்டியின் அடிக்கட்டையாகிவிடும். வசந்தம் வந்து உருகத் தொடங்கியதும் வண்டியைப் பிரித்து மீனைத் தின்னலாம்! இதைவிடச் சிக்கனமான வாகனத்தை எந்தத் தொழிற்சாலையும் செய்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

நேயர்களை இவ்வளவு தூரம் அழைத்து வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இத்தீவின் மக்கள் ஒரு வழக்கில் சாட்சி சொன்னார்கள். அந்தச் சாட்சியம் மெய்யென்று முழுவதும் நிரூபணமாக 160 வருஷங்கள் பிடித்தன.

1845-ஆம் வருஷம் மே மாதம், ஸர் ஜான் பிராங்க்ளின் என்ற தளபதி 'எரிபஸ்', 'டெர்ரர்' என்ற இரு கப்பல்களுடன் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். அமெரிக்கக் கண்டத்தின் வடக்கே, பனிக்கடல் வழியாக ஆசியாவுக்குப் பாதை காண்பதே நோக்கம். பனிக்கடலுக்குள் நுழைந்தவர்கள் 129 பேர். 1846 ஸெப்டம்பரில் இத்தீவின் வடமேற்கே கப்பல்கள் பனியில் சிக்கின. அடுத்த ஜூன் மாதம் பிராங்க்ளின் இறந்தார். 1848 ஏப்ரலில் எஞ்சிய 105 பேர் கப்பல்களைக் கைவிட்டுத் தெற்கு நோக்கி நடந்தார்கள். ஒருவரும் ஊர் திரும்பவில்லை. அவர்கள் சறுக்கு வண்டியில் ஏற்றி இழுத்துச் சென்ற படகு ஒன்று 1859-இல் அகப்பட்டது. அதில் இரண்டு எலும்புக் கூடுகளுடன் வெள்ளிக் கரண்டிகளும் பட்டுக் கைக்குட்டைகளும் புத்தகங்களும் இருந்தன. பசியால் சாகும் மனிதர்கள் வெள்ளிக் கரண்டியை ஏன் இழுத்துச் சென்றார்கள் என்பது இன்றும் விளங்காத விஷயம்.

இவர்கள் கதியை முதலில் அறிந்து சொன்னவர் டாக்டர் ஜான் ரே. இனூயிட்டுகளைப் போலவே பனி வீட்டில் உறங்கி, அவர்களைப் போலவே வேட்டையாடிப் பிரயாணம் செய்தவர் அவர். 1854-இல் சில இனூயிட்டுகள் அவரிடம் செய்தி சொன்னார்கள். முப்பத்தைந்து, நாற்பது வெள்ளையர்கள் பட்டினியால் மாண்டார்கள் என்பதும், கடைசியில் இறந்த தோழர்களின் உடலையே உண்ணும்படி நேர்ந்தது என்பதும் அந்தச் செய்தி. பிராங்க்ளினுடைய பதக்கத்தையும் கரண்டிகளையும்கூட ரே அவர்களிடம் விலைக்கு வாங்கிக் கொண்டுபோய்க் காட்டினார்.

லண்டன் மாநகரம் கொதித்தது. ஆங்கிலேய மாலுமி நரமாமிசம் உண்பானா? பிரபல நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தம்முடைய பத்திரிகையில் ரேயின் செய்தியை மறுத்து எழுதினார். காட்டுமிராண்டிகளின் வாய்மொழியை நம்பலாகாது என்றார். அவர்களே மாலுமிகளைக் கொன்றிருக்கக் கூடும் என்றும் சந்தேகத்தைக் கிளப்பினார். ஏழைகளின் கண்ணீரை எழுதிய அதே பேனா! சாட்சியம் பொய்யென்பதற்கு அவர் காட்டிய முக்கியமான ஆதாரம், சொன்னவர்கள் யார் என்பதுதான்.

பின்னர் அமெரிக்கரான ஹால் என்பவர் அத்தீவுக்குச் சென்றார். அவருக்கு மொழிபெயர்த்தவள் துகுலிடோ என்ற இனூயிட் மாது. முன்னொரு சமயம் இங்கிலாந்து சென்று விக்டோரியா ராணியைப் பார்த்துவிட்டு வந்தவள். ஹால் கேட்டறிந்த கதைகளில் ஒன்று நம் மனத்தை விட்டு அகல்வதில்லை. தள்ளாடி வந்த வெள்ளையர் கூட்டம் ஒன்றைச் சில குடும்பங்கள் வழியில் சந்தித்தன. கடல்நாய் இறைச்சி கொடுத்தன. மறுநாள் காலையில் அவசரமாகப் புறப்பட்டுப் போய்விட்டன. ஹால் இதைக் கல்நெஞ்சம் என்று நினைத்தார். நமக்கு அப்படித் தோன்றவில்லை. நாலைந்து வேடர்கள் துவாரத்தருகே நின்று பெறும் இறைச்சி, அவர்கள் குழந்தைகளுக்கே போதாத நிலம் அது. அத்தனை வாய்களுக்கு அங்கே யாராலும் சோறு போட்டிருக்க முடியாது.

அவர்கள் சொன்ன மற்றொன்று: கப்பல்களில் ஒன்று தெற்கே, 'உட்ஜுலிக்' என்னும் பகுதியில் மூழ்கியது. 'தாடிக் கடல்நாய் உள்ள இடம்' என்று அதற்குப் பொருள். சிலர் அக்கப்பலில் ஏறிப் பார்த்தார்களாம். உள்ளே பருத்த மனிதன் ஒருவன் இறந்து கிடந்தானாம். 1923-இல் அங்கு வந்த ராஸ்முஸ்ஸன் என்ற அறிஞரும் கப்பல் கதையைக் கேட்டு எழுதி வைத்தார். கிரீன்லாந்தில் பிறந்த அவருக்கு அந்த மக்களின் பாஷை தாய்ப்பால் போன்றது, துபாஷி தேவைப்படவில்லை.

இத்தகைய ஞாபகசக்தி உள்ளவர்களை அரசாங்கம் எப்படி நடத்தியது? 1940-களின் தொடக்கம் முதல் சுமார் 30 ஆண்டுகள், அவர்கள் பெயர்களை எழுதுவது கஷ்டமாயிருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த வில்லை ஒன்றைக் கொடுத்து, அந்த எண்ணாலேயே கணக்கு வைத்தது.

தீவிலுள்ள ஒரே ஊர் ஜோவா ஹேவன். நார்வே தேசத்து அமுண்ட்ஸன் 1903 முதல் 1905 வரை அங்கே தங்கி, தோலுடையையும் நாய் வண்டியையும் நெட்ஸிலிக் மக்களிடம் பாடம் கேட்டார். 1911-இல் தென் துருவத்தில் முதலில் கால் வைத்தவர் அவரே. அவ்வூரில் வளர்ந்தவர் லூயி கமூகாக். சிறுவயதில் கொள்ளுப்பாட்டி சொன்ன கதை அவரைப் பிடித்துக்கொண்டது. பிற்காலத்தில் முதியவர்களிடம் சென்று கதைகளையும் இடப்பெயர்களையும் சேகரித்து, மாலுமிகளின் குறிப்புகளோடு ஒப்பிட்டார். 2014 ஸெப்டம்பரில், இனூயிட்டுகள் சொன்ன தென்பகுதியிலேயே, சுமார் 11 மீட்டர் ஆழத்தில் 'எரிபஸ்' கிடைத்தது. 2016-இல் ஸாமி கோக்விக் என்ற இனுக், சில வருஷங்களுக்கு முன் பனியில் நீட்டிக்கொண்டிருந்த பெரிய மரக்கட்டை ஒன்றைக் கண்டதாகக் கூறினார். அவர் சுட்டிய விரிகுடாவில் 'டெர்ரர்' அகப்பட்டது. அந்த விரிகுடாவின் பெயர் ஏற்கனவே டெர்ரர் விரிகுடா என்பது வேடிக்கைதான்.

நரமாமிச விஷயமும் அப்படியே. 1990-களில் ஆராயப்பட்ட எலும்புகளில் கத்திக் கீறல்கள் தென்பட்டன. 2024-இல் அவற்றில் ஒரு தாடையெலும்பு, 'எரிபஸ்' கப்பலின் தலைவர் ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸுடையது என்று மரபணுச் சோதனையால் தெரிந்தது. அதிலும் கீறல்கள் இருந்தன. கமூகாக் அதைக் கேட்க இருக்கவில்லை, 2018-இலேயே காலமாகிவிட்டார்.

இப்போது அவ்விரு கப்பல்களும் கனடா அரசாங்கத்துக்கும் இனூயிட்டுகளுக்கும் பொதுச் சொத்து. கோடையில் பனி விலகியதும் ஜோவா ஹேவனிலிருந்து காவலர்கள் சென்று, அவை கிடக்கும் இடங்களுக்கு அருகில் கூடாரமடித்துக் காவல் இருக்கிறார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் கப்பல் எதுவும் வருகிறதா என்று அவர்கள் அங்கே கண்காணிக்கிறார்கள்.