ஐவர்மலைக் கீறல்

கீறியது என் மாணவனின் கை. கீறச் சொன்னவன் நான். காசை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

நான் பாட்டு வாத்தியார். ஆயக்குடியிலிருந்து பள்ளி இசைக்குழுவை ஐவர்மலைக்கு அழைத்துப் போனேன். பழநிக்கு மேற்கே இருக்கிறது. பாறையில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள். அடியில், செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில். அங்குள்ள ஒரு கல்வெட்டின் காலம் சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870. சாந்திவீரக் குரவர் என்ற துறவி பழைய பார்சுவநாதர் உருவத்தைப் புதுப்பித்து 505 காணம் பொன் வைத்ததைச் சொல்கிறது. இரண்டாம் வரகுண பாண்டியன் 862இல் பட்டமேறினான் என்று கணக்கிட உதவியதும் அதுதான். இவ்வளவையும் பிள்ளைகளுக்கு நானே விளக்கினேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

பாறைக்கடியில் பாடினார்கள். குரல் நன்றாக எழும்பியது. செல்போனில் படம் பிடித்தோம். பின்னால் எழுத்து தெரியவில்லை. மற்ற பள்ளிக்காரர்கள் பார்த்து அசந்துபோக வேண்டும் என்ற கர்வம் எனக்கு. சாக்பீஸ் தடவச் சொன்னேன். எடுபடவில்லை. கஞ்சிரா வாசிக்கும் பையனிடம் ஐந்து ரூபாய்க் காசைக் கொடுத்தேன்.

"கீறல் விழுது சார்."

"பரவாயில்லை. அழுத்தி இழு."

ஒரு பெயரின் குறுக்கே புதுக்கோடு விழுந்தது. கல்வெட்டறிஞர்கள் ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி, மை தட்டிப் படி எடுப்பார்கள். இனி எடுக்கும் படியில் அந்தக் கோடும் பதியும்.

மலைக்கு வந்த பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டார். "யாருப்பா இதக் கீறுனது?"

பையன் என்னைப் பார்த்தான். நான் குனிந்து சுருதிப்பெட்டியை மூடினேன். அதை மூட அவ்வளவு நேரம் ஆகாது.

"நான்தானுங்க" என்றான் அவன்.

பள்ளிக்குப் புகார் வந்தது. அவன் அப்பாவை வரச் சொன்னார்கள். கொய்யாச் சந்தையில் சுமை தூக்குகிறவர். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து, கைகட்டி நின்று மன்னிப்புக் கேட்டார். நானும் அதே அறையில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பையனைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவன் கஞ்சிராவையே விட்டுவிட்டான். அவனைப்போல் தாளம் பிடிக்கிற பையன் என் வகுப்பில் வேறு யாருமில்லை.

இப்போது உண்மையைப் பள்ளிக்கும் தொல்லியல் துறைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். பையனின் வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். அப்பா கேட்டார்: "இத அன்னைக்கே சொல்லியிருந்தா என்னங்க சார்?"

வேலை போய்விடும் என்று பயந்தேன். அதுதான் பதில். அதையும் அவரிடம் சொல்லாமல் திரும்பினேன்.