ஆடுகால் நிழலில்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே நான் எடுத்த பன்னிரண்டு படங்கள் அடங்கிய வரிசைக்கு ஒரு போட்டியில் முதற்பரிசு கிடைத்த நாள்முதல், அவற்றுள் என் மனத்துக்கு மிகவும் உவப்பானது எது என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், கூரையிழந்த வீட்டையோ தலையிழந்த பனைகளையோ காட்டாமல், புத்தூர்ப் பக்கத்துத் தோட்டக் கிணறு ஒன்றின் படத்தையே எடுத்து நீட்டுகிறேன்.

போரினால் 1990-இல் நின்றுபோன ரயில் 2014-இல் மறுபடியும் யாழ்ப்பாண நகரத்தை எட்டிய பின்னர், கொழும்பிலிருந்து யாழ்தேவியில் ஏறிச் சென்ற பிரயாணம் அது. ஆனையிறவில் உவர்நீரின் வெண்மையையே கண்டு வந்த கண்ணுக்கு, மறுநாட்காலை கோப்பாய் வழியாகச் சைக்கிளிற் சென்றபோது, செம்மண்ணிலே செழித்து நின்ற வெங்காயமும் புகையிலையும் வாழையும் பேராச்சரியமாயிருந்தன. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத அப்பிரதேசத்தில், மாரிமழை சுண்ணாம்புக்கல்லின் துவாரங்கள் வழியே இறங்கி, பாரம் மிகுந்த கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நிற்கும் என்னும் கணக்கை, 1888-இல் ஹாலந்திலும் 1901-இல் ஜெர்மனியிலும் ஆராய்ந்து எழுதினார்கள். மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர் 40 அடி ஏறிவரும் என்பதும் அக்கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாய் நிற்கும் நிலாவரைக் கிணறு அதற்குப் பிரத்தியட்ச சாட்சி.

சில தினங்கள் கழித்து நிலாவரையிலிருந்து திரும்பும் வழியில், நீரிறைக்கும் துலா கழன்று, அதைத் தாங்கிய ஆடுகால் மாத்திரம் எஞ்சி நின்ற கிணறொன்றைக் கண்டேன். முன்னாளில் ஒருவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, மற்றொருவர் பட்டை பிடித்து நீரை வாய்க்காலிற் கவிழ்ப்பார். அவ்வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்ட இக்காலத்தில், ஆச்சி ஒருவர் குடிநீருக்காக மட்டும் கையால் அள்ளிக்கொண்டிருந்தார்.

காமிராவை உயர்த்திய என்னைக் கையமர்த்தி, "முதல் தண்ணியைக் குடியுங்கோ தம்பி, படம் பிறகு எடுக்கலாம்" என்றார். குடித்துவிட்டு, நானும் ஒரு வாளி அள்ளுகிறேன் என்று கயிற்றை விசையோடு இழுத்தேன்.

"மெல்ல, மெல்ல. கெதியா இறைச்சால் உவராப் போடும். எங்கட ஆக்கள் அளந்துதான் இறைச்சவை."

ஆடுகாலின் நிழல் கிணற்றுக்கட்டின்மேல் விழ, சுருங்கிய விரல்களுக்கிடையே கயிறு இறுகி நிற்க, வாளி விளிம்பைத் தொடும் கணம் அந்தப் படத்தில் இருக்கிறது. ஆச்சியின் முகம் இல்லை. அதற்கு முந்திய தினங்களில், இடிந்த வாசல்தோறும் நின்று, ஒருவரிடமும் ஒரு மிடறு நீர் வாங்கிக் குடிக்காமல், பிறர் துயரத்தை நூற்றுக்கணக்கான படங்களாக அவசர அவசரமாய் அள்ளியவன் நான். அன்று அக்கிணற்றடியில் ஒரேயொரு படம் எடுத்தேன். எடுத்தபின் வெகுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தேன்.

மறுவருஷம் அப்படத்தின் பிரதியொன்றைக் கொண்டுபோய் ஆச்சியிடம் கொடுத்தேன். அவர் தம் கைகளைக் கவனிக்கவேயில்லை. ஓரத்தில் நின்ற ஆடுகாலைச் சுட்டுவிரலால் மெல்லத் தடவி, "இது அவர் நட்டது" என்றார்.